மூணு ஞாயிறும் ஊரில் இல்லாதவன்

ஊருக்குத் திரும்புகிற வழியில், ஆத்தூர்க் கடைத்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கியபோது இனிகோவுக்கு வீட்டுக்குப் போகவே மனசில்லை. கன்னியாகுமரி வரைக்கும் கடலோரமாகத் தன்னந்தனியாக மிதித்துப் போய், கண்ட கடற்கரையில் கூடாரம் அடித்துப் படுத்து, தானே பொங்கித் தின்று திரும்புகிறான். இன்றோடு முடிந்தது. நாளைக்குப் புதுத் துறைமுகத்தில் பழையபடி கிரேன் மேல் ஏறி உட்காரணும். முப்பத்தாறு வயசுக்கு இப்படியொரு சந்தோஷத்தை அவன் கண்டதேயில்லை, பாவம்.

எல்லாம் தங்கச்சி பிளாரன்ஸ் புண்ணியம். இந்தப் பேச்சை எடுத்தாலே "கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்று ஏசுகிறவள், இந்தத் தடவை தானாகவே "போயிட்டு வாண்ணே" என்றாள். பழைய தோணிப் பாய்த்துணியை வெட்டிக் கூடாரம் தைத்துக் கொடுத்தாள். "அவசரப்படாம போ. மொத ஞாயித்துக்கிழமை உவரியில பூசை பாரு, அடுத்தது கன்னியாகுமரி, கடைசி வாரம் வீரபாண்டியன்பட்டணம். எனக்கொரு கல்யாணம் அமையணும்னு மாதாகிட்ட கேளு" என்று கிழமையையும் அவளே குறித்தாள். தாய் தகப்பன் இல்லாமல் அவன் தூக்கி வளர்த்த பிள்ளை. கேட்காமல் இருப்பானா? மூன்று கோயிலிலும் முழங்கால் வலிக்க வலிக்கக் கேட்டான்.

வெற்றிலைக் கடை நயினார் அண்ணாச்சி அவனைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "ஏலே இனிகோ! கல்யாண வீட்ட விட்டுட்டு இங்கன என்னலே செய்யுத?"

"யாருக்குக் கல்யாணம் அண்ணாச்சி?"

"வெளையாடுதியா? ஒன் தங்கச்சிக்குத்தான். பத்து மணிக்குக் கோயில்ல தாலி கட்டுதாங்க. நேத்து மாப்பிள்ளையே வந்து வெத்தல கட்டிக்கிட்டுப் போனானே. ஒன் சேக்காளி ரோச்!"

அண்ணாச்சி கொடுத்த தண்ணீரைக் கூட இனிகோ வாங்கவில்லை. ஏறி மிதித்தான்.

அவர்கள் வழக்கம் அது: கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று. பிளாரன்சுக்கு இதற்கு முன்னால் இரண்டு தடவை ஓலை வாசித்தாயிற்று. இரண்டு தடவையும் தடை சொன்னது வேறு யாருமில்லை, சாட்சாத் இனிகோவேதான். ஒருத்தன் குடிப்பான் என்று கேள்விப்பட்டானாம். இன்னொருத்தனுக்குக் கொழும்பில் தொடுப்பு இருப்பதாக யாரோ சொன்னார்களாம். இரண்டு கல்யாணமும் நின்றது. தங்கச்சியைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் இன்றுவரை அவன் நினைப்பு.

மூணு ஞாயிறும் அவன் ஊரில் இருக்கக் கூடாதென்று அனுப்பியிருக்கிறாளே! உவரியில் எவளோ ஒருத்திக்கு ஓலை வாசித்தபோது, நம்ம பிள்ளைக்கு இப்படி வாசிக்க மாட்டார்களா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டானே, அதே நேரம் இங்கே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டாளே, பாவி. பழையகாயல் தாண்டும்வரை வாய்விட்டு அழுதுகொண்டே மிதித்தான்.

கோயில் வாசலில் பிளாரன்ஸ் வெள்ளைப் பட்டில் நின்றாள். பக்கத்தில், அவளை உள்ளே கூட்டிப்போக, அடுத்த வீட்டு பர்னபாஸ் மாமா. அண்ணன் பிடிக்க வேண்டிய கை அவர் கையில் இருந்தது. அழுக்கு வேட்டியும் தாடியுமாக வந்து நின்றவனைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ஏளா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"நீ தச்சுக்குடுத்த கூடாரத்துலதான்ளா படுத்தேன். தெனமும் ஒன்னயத்தான் நெனச்சேன். என் மேல இவ்வளவு பிரியமான்னு... எம்புட்டு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? அம்புட்டும் என்னய வெரட்டத்தானா?"

பிளாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். மாமாதான் சமாதானமாக, "விடுடே. மாப்பிள்ளை யாரு, ஒன் உயிர் சேக்காளிதானே. அவன்ல ஒனக்கென்ன குறை?" என்றார்.

"ரோச்சா? விடிய விடிய சீட்டாடுதவன்லா அவன்!"

சொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது. கூடியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிளாரன்ஸ் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "இதுக்குத்தாண்ணே" என்றாள்.

தெருமுனையில் பேண்டு சத்தம் கேட்டது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மாமாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுண்ணே. மாப்பிள்ளை வாராக."

இனிகோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒதுங்கினான்.