ஹலீமா இருட்டாக்கிய வீடு

மலாக்காவின் காஜா பெராங்கில் வெளிச்சமான வீடு எது என்று கேட்டால், ஜப்பான் சண்டைக்கு முன்பு யாரும் யோசிக்காமல் யூசுப் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். முன்பக்கம் ஒடுங்கி, உள்ளே போகப் போக நீளும் கடைவீடு அது. அந்த மாதிரி வீடுகளில் பட்டப்பகலிலேயே சுவரைத் தடவிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போகவேண்டும். யூசுப்பின் மனைவி ஹலீமாவுக்கு இது பிடிக்கவில்லை. கல்யாணமாகி வந்த வருஷமே கூரையில் கண்ணாடி ஓடு போடவைத்தாள். முற்றத்துக்கு எதிர்ச்சுவருக்குச் சுண்ணாம்பில் துளி நீலம் கலந்து அடிக்கவைத்தாள். கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை, முகம் பார்க்க முடியாதபடி சாய்த்து மாட்டினாள். முகம் பார்க்க உதவாத கண்ணாடி எதற்கு என்று சிரித்தவர்கள், முற்றத்து வெயில் அதில் பட்டு அடுப்படி வரைக்கும் போனதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

ராத்திரிக்கு ஒரே ஒரு தூக்கு விளக்கு. கயிற்றால் ஏற்றி இறக்கலாம். அதை எங்கே தொங்கவிடுவது என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

"விளக்கு நம்ம தலைக்கு மேல இருந்து என்னா பிரயோசனம்? சுவத்துக்குப் பக்கத்துல இருக்கணும். சுவருதான் வெளிச்சத்த எல்லாருக்கும் பங்கு வெக்கும்" என்பது அவள் கட்சி. கடைசியில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சை ஆணியில் மாட்டினால் விளக்கு சரியான உயரத்தில் நிற்கும். வெள்ளைச் சுவரும் கண்ணாடியும் சேர்ந்து கூடம், நடை, அடுப்படி மூன்றையும் பார்த்துக்கொள்ளும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யூசுப் மட்டும், "வெளிச்சத்தையா திங்கப் போறோம்?" என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போனான். பாராட்டினால் நாக்குத் தேய்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அதிகாரிகள் தங்குவதற்கு வீடு வேண்டுமாம். அதே தெருவில் இருந்த ஜமீலாவின் வீட்டுக்குப் பெரிய ஜன்னல்கள்; அதற்காகவே எடுத்துக்கொண்டார்கள். ஜமீலா இப்போது பிள்ளைகளோடு யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறாள். அதிகாரிக்கு மொழிபெயர்க்கிற ராஜரத்தினம் நல்ல மனுஷன். மரவள்ளிக்கிழங்கு வாங்குகிற சாக்கில் யூசுப்பின் கடைக்கு வந்து காதைக் கடித்தான்.

"நானா, நாளைக்கு ஒங்க வரிசை. எங்க அதிகாரி துவானுக்கு இருட்டுன்னா ஆகாது, ஈர வாடையும் ஆகாது. பாத்துக்குங்க."

வெளிச்சத்தை எந்த வழியாக உள்ளே கொண்டுவந்தோம் என்று தெரிந்தவளுக்கு அதை வெளியேற்றவும் தெரியும். யூசுப்பைக் கூரையில் ஏற்றிக் கண்ணாடி ஓட்டின்மேல் சாக்கைப் பரப்பவைத்தாள் ஹலீமா. முற்றத்துக் கொடியில் தடித்த போர்வைகளை நனைத்துத் தொங்கவிட்டாள். கண்ணாடிக்குக் கறுப்புத் துணி போர்த்தினாள். வெள்ளைச் சுவரில் பூச யூசுப் சட்டிக்கரியைச் சுரண்டிக்கொண்டு வந்தபோது மட்டும் குறுக்கே போய் நின்றாள்.

"வேணாங்க. விளக்கு ஏத்தாத வீட்ல வெள்ளச் சுவரும் ஒண்ணுதான், கறுப்புச் சுவரும் ஒண்ணுதான்."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

காலையில் வருவதாக இருந்த அதிகாரி பொழுது சாயும்போதுதான் வந்தான். ஹலீமா அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்றாள். உள்ளே வந்ததும் அதிகாரி பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டான். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினான். ஏதோ இரண்டு வார்த்தை உறுமினான்.

"வேணாங்கிறாரு நானா" என்றான் ராஜரத்தினம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இருவரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். ஹலீமாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

மஃரிப் நேரத்தில் வீடு இருண்டு கிடக்கக்கூடாது என்பது யூசுப்புக்குச் சின்ன வயதிலிருந்து ஊறிப்போன வழக்கம். காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூட எழுந்துவந்து அவனேதான் விளக்கேற்றுவான். இப்போதும் கை தன்பாட்டுக்குப் போனது. விளக்கை இறக்கினான், தீக்குச்சியை உரசினான், ஏற்றி முடிச்சை ஆணியில் மாட்டினான். அதற்குப் பிறகுதான், என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைத்தது.

வெள்ளைச் சுவர் விழித்துக்கொண்டது. அதிகாரி நின்றான், திரும்பினான். நேரே போய்க் கறுப்புத் துணியை இழுத்துப் போட்டான். வெளிச்சம் நடையைத் தாண்டி அடுப்படிக்குள் போய், திரைக்கடியில் தெரிந்த ஹலீமாவின் கால்கள்மேல் விழுந்தது. அவள் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அதிகாரி மெதுவான குரலில் ஏதோ கேட்டான்.

"இந்த மாதிரி விளக்கு வெச்சது யாருன்னு கேக்குறாரு." ராஜரத்தினத்தின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

வாங்கும்போதே வீடு இப்படித்தான் இருந்தது என்று யூசுப் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"எம் பொஞ்சாதி" என்றான். "கண்ணாடி எங்க, விளக்கு எவ்ளோ ஒசரம், எல்லாம் அவ போட்ட கணக்கு தம்பி. இந்த மலாக்காவுல வேற யாருக்கும் இது வராது. சொல்லுங்க அவருகிட்ட."

வீடு போய்விட்டது என்று ஹலீமாவுக்கு அந்த நொடியே தெரிந்தது. தெரிந்தும் சந்தோஷப்பட்டாள். இந்தச் சமயத்தில் போய் இப்படியொரு சந்தோஷமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அது குறையவில்லை.

விளக்கும் கண்ணாடியும் இருந்த இடத்தில் இருக்கவேண்டும், ஆட்கள் மட்டும் போகலாம் என்று உத்தரவானது. ஊருக்கு வெளியே பத்து பெரெண்டாம் என்கிற இடத்தில், தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு பலகை வீடு கிடைத்தது. சாமான் ஏற்றிய மாட்டுவண்டிக்குப் பின்னால் நடந்த வழி முழுக்க ஹலீமா புருஷனைவிட்டுப் பத்தடி தள்ளியே வந்தாள். சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், கோபமும் கோபம்தான்.

சாயங்காலம் மஃரிப் ஆனது. போத்தலில் திரி போட்டு ஏற்றிய விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு யூசுப் நடுவீட்டில் நின்றான்.

"ஹலீமா, இத எங்க வெக்கட்டும்?"

அவன் அவளிடம் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஹலீமா நாலு பக்கமும் பார்த்தாள். எல்லாம் கறுத்த பலகை.

"இன்னிக்கு எங்க வெச்சாலும் ஒண்ணுதான். நாளைக்குச் சுண்ணாம்பு வாங்கிட்டு வாங்க. நீலம் கெடச்சா கொஞ்சம் நீலமும்."

சுண்ணாம்புக்கு இந்தக் காலத்தில் எங்கே போவது என்று யூசுப் கேட்கவில்லை. அவள் பாயை விரித்து முடிக்கிறவரை, விளக்கைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.