துடைப்பக் கட்டை பேட்டரி

ஏரிக்கரை நடன மேடையில் சனிக்கிழமைதோறும் நான் அக்கார்டியன் வாசிக்கிறேன். என் ஒலிபெருக்கி நான்கு பேட்டரிகளில் ஓடுவது. போன வாரம் டாங்கோ நடனத்தின் நடுவில் பேட்டரி தீர்ந்து அது அடங்கிவிட்டது. பின்லாந்தில் பாதி டாங்கோவில் ஜோடியை யாரும் கைவிடுவதில்லை. எல்லோரும் அணைத்தபடியே சிலையாக நின்றார்கள்.

"இன்னொரு தடவை நின்னுச்சு, அப்புறம் நீ வேண்டாம் ஐலா. சிடி ப்ளேயர் போட்டுக்கறேன்," என்றார் மேடையை நடத்தும் ரௌனோ. புதிதாக ஒன்றை வாங்கியும் வைத்துவிட்டார்.

பேட்டரியை நம்பாமல் கரண்டிலேயே ஓட்டலாம் என்று, இந்த வாரம் துடைப்பக் கட்டையில் பேட்டரி அளவுக்கு இரண்டு துண்டுகள் அறுத்தேன். முனைகளில் திருகாணி முடுக்கி, ஒரு பழைய அடாப்டரின் ஒயர்களைச் சுற்றி, பேட்டரிக் குழியின் இரு கோடிகளிலும் செருகினேன்.

"துடைப்பத்துல சூனியக்காரிதான் பறப்பா. உனக்குப் பாட்டு வருமாக்கும்!" என்று டிரம்ஸ் வாசிக்கும் தென்ஹோ சிரித்தான்.

பாட்டு வரவில்லை. தேனீக்கூடு போல இரைச்சல்தான் வந்தது. அடாப்டர் சரியில்லை. நான்கு பேட்டரிக்கு ஈடான ஆறு வோல்ட்டில் வேறொன்று தேடினேன். மேடையிலேயே இருந்தது. அதன் முனையை வெட்டி, பிளஸ் மைனஸ் பார்த்துச் சுற்றினேன். இரைச்சல் நின்றது.

அன்று ஒரு டாங்கோகூட நடுவில் நிற்கவில்லை. ரௌனோவே மூன்று பேருடன் ஆடினார். வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"ஐலா, என் சிடி ப்ளேயரோட அடாப்டரப் பாத்தியா?"

"உங்க காலடியிலதான் ஒயர் போகுது. மிதிச்சிடாதீங்க. இன்னும் ஒரு வால்ட்ஸ் பாக்கி இருக்கு."

அவர் காலைத் தூக்கினார். நான் வால்ட்ஸைத் தொடங்கினேன்.