அண்ணாச்சிக்குப் பிடித்த பத்துப் புத்தகங்கள்

திருவொற்றியூர் அரிசி மண்டி தவசிமுத்து அண்ணாச்சி, அந்த வருஷம் தமக்குப் பிடித்த பத்துப் புத்தகங்களை வாசகர் வட்டத்தில் அறிவித்த மறுநாள் காலை, பத்தும் சேர்ந்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோ எடை இருந்தன. மாடியில் அலமாரி சாய்ந்து தளம் விரிசல் விட்டதால் விஷயம் தெரியவந்தது. கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தார்கள். பட்டியலில் முதலிடம் பெற்ற சிறுகதைத் தொகுப்பு மட்டும் அறுபத்தெட்டு கிலோ. அதற்கு நூற்று நாற்பது பக்கம்தான். அதைக் கீழே இறக்கிய மூட்டை தூக்கும் செல்வம், "இன்னா அண்ணாச்சி, புக்குக்குள்ள ஜல்லி ரொப்பி வெச்சிகீறியா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

அண்ணாச்சிக்குக் காரணம் தெரியும். அரிசி வியாபாரத்தில் மூட்டையைப் பிரித்துக் கொட்டி யாரும் பார்ப்பதில்லை. குழாய் போன்ற குத்தூசியால் மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. அதில் வருகிற அரிசியை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தால் மூட்டையின் ஜாதகமே தெரிந்துவிடும். முப்பது வருஷக் கை, ஒருநாளும் பொய்த்ததில்லை. புத்தகத்தையும் அவர் அப்படித்தான் படித்தார். முதலில் ஒரு பக்கம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர். அரிசிக்காரனுக்கு அரிசியைத் தவிர என்ன தெரியும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்கிற பயம் அவருக்கு. ஆகவே டிசம்பர் கடைசி ஞாயிறு மேடையேறி, வருஷம் தவறாமல் பத்துப் பெயர் சொல்வார். கை தட்டுவார்கள். வட்டத்துக்கு டீயும் வடையும் அவர் உபயம் என்பதால் சற்று பலமாகவே தட்டுவார்கள்.

அந்த வருஷம் பேச்சு கொஞ்சம் கூடிப்போயிற்று. பெரம்பூர் ரயில்வே பட்டறை அலுவலகத்தில் வேலை பார்க்கும் எழில்மொழி என்ற பெண்ணின் முதல் தொகுப்புக்குத்தான் முதலிடம். அவளும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி அவளைப் பார்த்து, "ஒரு எழுத்து விடாம வாசிச்சேம்மா. ராவெல்லாம் தூக்கம் வரல, அழுதுட்டேன்" என்றார். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, எழுந்து கும்பிட்டாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

எடையைக் குறைக்கும் வழி தற்செயலாகத் தெரிந்தது. ஒரு பக்கத்தை முழுதாகப் படித்தால் அரைக் கிலோ குறைந்தது. சட்னியில் எத்தனை மிளகாய் என்று தெரியாமல் புகழ்ந்தவர், இப்போது ஒவ்வொன்றாக எண்ணித் தின்ன வேண்டியதாயிற்று. கல்லாவில் உட்கார்ந்து படித்தார், லோடு இறங்கும்போது படித்தார். ஆடி மாதத்துக்குள் ஒன்பது புத்தகங்கள் வெறும் காகித எடைக்கு வந்துவிட்டன. கடைசியாக எழில்மொழியின் புத்தகத்தைத் திறந்தார். அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஓர் அரிசி மண்டி வந்தது.

அந்த மண்டியில் சாயங்காலம் மூட்டை தூக்குகிறவர்கள் வரிசையில் நின்று, துண்டை உதறி, லுங்கி மடிப்பை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒருநாள் தூக்குகிறவர் ஒருவரின் மகள், நாலாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு அப்பாவைக் கூட்டிப்போக வந்து நிற்கிறாள். பை உப்பியிருக்கிறது. முதலாளி பையைத் திறக்கச் சொல்லவில்லை. குத்தூசியால் மூன்று குத்துக் குத்துகிறார். ஊசியில் அரிசி வரவில்லை. தமிழ்ப் புத்தகத்தின் காகிதத் துணுக்குகள் வருகின்றன. 'சரி, போ' என்கிறார் முதலாளி. பிள்ளை அப்பாவைப் பார்க்கிறாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

முதலாளியின் பெயர் கதையில் இல்லை. அண்ணாச்சிக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது. பத்தொன்பது வருஷம் அவரிடம் மூட்டை தூக்கிய லட்சுமணனின் மகள்தான் எழில்மொழி என்பதுகூட இப்போதுதான் உறைத்தது. அவள் முகத்துக்கு நேரே அழுதேன் என்று சொன்ன வாய் இது. கூச்சத்தில் அவருக்குக் காதுமடல் எரிந்தது. மூன்று நாள் கடைப்பக்கமே போகவில்லை. கடைசி வரி வரை படித்து முடித்துத் தராசில் வைத்தபோது, இருபத்தாறு கிலோவில் நின்றுவிட்டது. திரும்பவும் படித்தார். இருபத்தாறு. அவர் மனைவி செல்லக்கனி முள்ளைப் பார்த்துவிட்டு, "நம்ம மக ஜெமிமா நாலாப்பு படிக்கையில இந்த எடைதாங்க இருந்தா" என்றாள்.

வாழ்நாளில் முதல்தடவையாக அண்ணாச்சி ஒரு சுமையைத் தோளில் ஏற்றினார். பஸ்ஸில் கண்டக்டர் வழியை அடைக்காமல் நிற்கச் சொன்னார். கையகலப் புத்தகத்துக்கு ஒரு மனிதர் இப்படி வளைகிறாரே என்று யாரும் கேட்கவில்லை. வியாசர்பாடியில் இறங்கி, லட்சுமணன் வீடு இருந்த குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு ஏறினார். கதவைத் திறந்தது எழில்மொழி.

"நான் வாசிக்கலம்மா. வாசிக்காமதான் அன்னைக்குச் சொன்னேன்."

"தெரியும் அண்ணாச்சி. படிச்சிருந்தா நீங்க மேடையேறி இருக்க மாட்டீங்க."

உள்ளே லட்சுமணன் பனியனோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் காலருகே அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி தரையில் கிடந்தது. அதன் கீழே டைல்ஸ் நான்காகப் பிளந்திருந்தது. வெளியீட்டு விழா நாளிலிருந்து அங்கேயே கிடக்கிறது, சுற்றிலும்தான் பெருக்குகிறோம் என்றாள் எழில்மொழி.

அண்ணாச்சி புரியாமல் பார்த்தார். லட்சுமணன் மகள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மத்த கதையெல்லாம் ரெண்டு வாட்டி படிச்சிட்டேன். அந்த ஒண்ண மட்டும் தாண்டிக்கினு பூடுவேன். அதுல நான் இன்னா பண்ணேன்னு எனக்குத் தெரியும்ல."

பிறகு அவர் அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"நீ படி அண்ணாச்சி. நான் கேட்டுகினு கீறேன்."

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து அறுபத்தொன்றாம் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்தார். குத்தூசி வந்த இடத்தில் நின்றே போனார். லட்சுமணன், "படி" என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற வரி வந்தபோது இரண்டு பேரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நைனா," என்றாள் எழில்மொழி. "இப்பவாச்சும் என்னிய பாரு."

லட்சுமணன் நிமிர்ந்து பார்க்க வெகுநேரம் ஆயிற்று. பார்த்தார். அதன்பிறகு அவள் இரண்டு பிரதிகளையும் ஒரு கையால் எடுத்து டிவி மேல் வைத்துவிட்டு, டீ போடப் போனாள்.