சூடுபட்ட சிவப்பு நாற்காலி

வறுமையை முப்பதே விநாடியில் கண்டுபிடிக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். சுகாதார அலுவலகத்தின் கள ஆய்வாளரான அவரே இதைச் சொல்லிவிட்டதால், மறுத்துப் பேச அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை. "வாசல்ல நின்னு உள்ள ஒரு பார்வை. நிஜ ஏழையா, நடிக்கிற ஏழையான்னு சொல்லிடுவேன்" என்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர்.

அன்று அவர் கையில் அட்டையில் செருகியிருந்த படிவம் ஒரு தெருவின் தலையெழுத்து. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சத்துணவும் மருத்துவமும் தரும் மானியம், ஏழைகள் வாழும் இடத்துக்கு மட்டும்தான். நாற்காலி, ஃப்ரிட்ஜ் என்று வீட்டில் காணும் பொருளுக்கெல்லாம் மதிப்பெண் உண்டு. மதிப்பெண் கூடினால் மானியம் கிடையாது. மாலைக்குள் அறிக்கை போக வேண்டும்.

கூட வந்த நர்ஸம்மாவின் தோளில் எடை மெஷின் தொங்கியது. அந்தத் தெருவில் பதினோரு பிள்ளைகளுக்கு எடை போதவில்லை என்று போன வாரமே எழுதிக் கொடுத்தவர் அவர்.

"ஒல்லியா இருந்தா ஏழையா? என் மச்சினன்கூடத்தான் ஒல்லி" என்று ஆய்வாளர் அதைத் தள்ளிவிட்டிருந்தார்.

முதல் வீட்டில் சிவப்பு நாற்காலி ஒன்றைப் போட்டார்கள். ஆய்வாளர் அமர்ந்தார். நர்ஸம்மா நேராக அடுப்போரம் போய்த் தரையில் சம்மணமிட்டார்.

"வீடு வீடா தரையைத் துடைக்கிற வேலையும் உங்களுக்குத்தானா?" என்றார் ஆய்வாளர்.

"ஆமா சார். சம்பளம்தான் சேர்த்துத் தரல."

"சாப்பாட்டுக்கு ஏதும் குறை உண்டா?" என்று ஆய்வாளர் வீட்டுக்காரம்மாவைக் கேட்டார்.

"ஒரு குறையும் இல்லீங்க" என்றாள் அவள், நின்றபடியே. அவர் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது வீட்டிலும் சிவப்பு நாற்காலி. மூன்றாவதிலும். வலது கைப்பிடியில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு ஒன்று அவர் முழங்கையில் மூன்றாம் முறையாக உரசியதும் மோப்பம் விழித்துக்கொண்டது. மொத்தமாக எங்கிருந்தாவது அள்ளி வந்திருப்பார்களோ? ஆனால் ஒரே இடத்தில் சூடு போட்ட நாற்காலிகளை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

நாலாவது வீட்டுக்குள் நுழைவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, விறுவிறுவென்று தெருக்கோடி வீட்டுக்குள் புகுந்தார். பின்னாலேயே வந்த நர்ஸம்மா வழக்கம்போல அடுப்போரம் போய் உட்கார்ந்தார்.

இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்ணுக்கு முகம் வெளுத்தது. "சார், நீங்க கடைசியாத்தானே வரணும்..."

பின்கதவு திறந்தது. நாலு வீடு தள்ளியிருக்கும் தையல்காரர், தலையில் சிவப்பு நாற்காலியைக் கவிழ்த்தபடி மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"யாரோட நாற்காலிய்யா இது?"

"என்னோடதுதாங்க."

"மூணு வீட்ல பார்த்தேனே!"

"மூணு வீட்லயும் நீங்கதான சார் உட்கார்ந்தீங்க."

ஆய்வாளர் பாய்ந்துபோய் மூலையிலிருந்த ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே தட்டுத் தட்டாகப் பிள்ளைகளின் துணி மடித்து வைத்திருந்தது.

"வயரை எலி கடிச்சு மூணு வருஷமாச்சு சார்" என்றாள் அந்தப் பெண். "துணியை இதுல வச்சா எலி எட்டாது."

அவருக்குத் தலை சுற்றியது. "நடிக்கிறவங்க இல்லைன்னுதானே நடிப்பாங்க? நீங்க ஏன்யா இருக்குன்னு நடிக்கிறீங்க?"

தையல்காரர் நாற்காலியை இறக்கினார். "முன்னாடி நாங்க இருந்த இடத்துக்கும் இப்படி ஒருத்தர் அட்டையோட வந்தார் சார். இல்லைங்கிறதை இல்லைன்னே சொன்னோம். ஏழைங்க குடியிருப்புன்னு எழுதிட்டுப் போனார். அடுத்த மாசம் இடிக்கிற வண்டிதான் வந்துச்சு. இன்னொரு தடவை இடம் மாற எங்களால ஆகாது."

நர்ஸம்மா அடுப்போரத்திலிருந்து தலையைத் தூக்கினார். அவர் மூடி திறந்து பார்த்த பானையில் ஆறிய கஞ்சித் தண்ணீர் மட்டும் இருந்தது.

"சார், நீங்க இவங்களைத் திருடங்க மாதிரி பார்த்தீங்க. இவங்க உங்களை இடிக்க வந்தவர் மாதிரி பார்த்தாங்க. நடுவுல பதினோரு பிள்ளைங்க பசியில நிக்குது. சந்தேகத்தோட கேட்டா சமாளிப்புதான் பதிலா வரும். இல்லாமையை யாரும் அட்டைக்குக் காட்ட மாட்டாங்க, நம்புற மனுஷனுக்குத்தான் காட்டுவாங்க."

முப்பது விநாடி கடந்தது. அதற்கு மேலும் கடந்தது.

ஆய்வாளர் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். நாற்காலியைத் தூக்கித் தையல்காரரிடமே கொடுத்தார். பிறகு காற்சட்டை முட்டியை லேசாக இழுத்துவிட்டு, நர்ஸம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டார்.

"இந்தப் படிவத்தை நான் இடிக்கிறவங்க யாருக்கும் தர மாட்டேன்மா. என் பேரைப் போட்டு எழுதித் தரேன்" என்றார். "நேத்து பிள்ளைங்க என்ன சாப்பிட்டாங்க?"

காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த அந்தப் பெண், முதன்முறையாக உட்கார்ந்தாள்.