முருகனுக்குக் கொண்டுபோன சுருட்டை

புள்ளியியல் பாடத்தில் தேறிவிட்டேன் என்று ஜொகூர் பாருவிலிருந்து தொலைபேசியில் சொன்னதும் அம்மா அழுதார். மகன் மேல் உள்ள பெருமையில் அழுகிறார் என்று நினைத்து, நானும் விடுதி வராந்தாவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"முருகன் கைவிடலப்பா," என்றார் அம்மா. "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்துரு ரூபேன். முடி எறக்கணும்."

"யாருக்கு?"

"உனக்குத்தான். நான் வேண்டியிருக்கேன்ல."

அதே பாடத்தில் அதற்கு முன் இரண்டு முறை தோற்றிருந்தேன். முதல் முறை அம்மா முருகனுக்குத் தேங்காய் உடைப்பதாகச் சொல்லியிருந்தார். முருகன் அசையவில்லை. இரண்டாம் முறை பால்குடம். அதற்கும் பதில் இல்லை. மூன்றாம் முறை என் முடியைத் தருவதாகச் சொன்னாராம், உடனே தேறிவிட்டேன். இரவெல்லாம் உட்கார்ந்து நான் படித்ததை இந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

வேறு எதையாவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஆனால் முடி என்பது கல்லூரியில் என் அடையாள அட்டை மாதிரி. தமிழ்ச் சங்கத்தின் கலை இரவுக்கு நான்தான் அறிவிப்பாளர். அதற்கு நண்பன் செல்வா அடித்த சுவரொட்டியில் என் முகம் கிடையாது. கறுப்பாக என் தலையின் வெளிக்கோடு மட்டும் இருக்கும். கீழே, 'இவர் வருகிறார்.' எல்லாருக்கும் புரிந்தது. கலை இரவுக்கு மூன்றே வாரம் இருந்தது.

இந்த முடி சும்மா வந்துவிடவில்லை. பள்ளிக்கூடம் முடியும்வரை மாதம் தவறாமல் அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒட்ட வெட்டிவிடுவார். என் முடி சுருட்டை என்பதே எனக்குத் தெரியாது. அடங்காத முடி என்றுதான் நினைத்திருந்தேன். கல்லூரிக்கு வந்த பிறகு வளர விட்டேன். தினமும் ஷாம்பு போட்டு, துண்டால் பரபரவென்று துவட்டி, காய்ந்த பிறகு சீப்பால் வாரினேன். எங்கள் ஊர் குளுவாங்கில் மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தால், வானத்துக்கு முன்னால் என் தலைதான் உப்பும்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. சுருட்டை முடிக்குத் தாகம் அதிகம். ஷாம்புவைக் குறைத்து கண்டிஷனரைக் கூட்ட வேண்டும். முடி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போது விரலாலேயே சிக்கெடுக்க வேண்டும். காய்ந்த தலையில் சீப்பு பட்டால் அவ்வளவுதான். ஈரத்திலேயே ஜெல்லை உள்ளங்கையில் எடுத்து, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கசக்கிப் பிடித்து விட வேண்டும். துண்டு கூடாது, பழைய பருத்தி டி-ஷர்ட்டில் சுற்ற வேண்டும். அப்புறம் காயும்வரை தொடக்கூடாது. காய்ந்ததும் ஜெல் விறைத்துக்கொண்டு அப்பளம் மாதிரி நொறுநொறுக்கும். அப்போது பயப்படாமல் மறுபடி கசக்கினால் விறைப்பு உதிர்ந்து சுருள் மட்டும் மெத்தென்று நிற்கும்.

ஜெல்லை வீட்டிலேயே ஆளிவிதையைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, வடிகட்டிச் செய்வேன். ஒருநாள் குளிர்பெட்டியில் வைத்திருந்ததை அப்பா ரோஜா சிராப் கலந்து குடித்துவிட்டார். "நல்லாத்தான் இருந்துச்சு, இனிப்புதான் கொஞ்சம் பத்தல," என்றார். மறுநாள் காலை கழிப்பறையிலிருந்து அவர் மிகவும் திருப்தியாக வெளியே வந்தார்.

அம்மாவுக்கு மட்டும் இதில் எதுவும் பிடிக்கவில்லை. இரண்டு வருடமாக என் தலைக்கு அவர் வைத்திருந்த பெயர் காக்காய்க் கூடு. தலையணை உறைக்கு அவருடைய பழைய சாட்டின் ரவிக்கைத் துணியை நான் எடுத்ததிலிருந்து, விருந்தினர் முன்னாலும் அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஆகவே சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும், தற்காப்பு வாதத்துடன் நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"அம்மா, வேண்டுறப்ப என்னன்னு சொல்லி வேண்டுனீங்க?"

"எம்மவன் பாஸாயிட்டா முடி தர்றேன்னு சொன்னேன்."

"எவ்ளோ முடின்னு சொன்னீங்களா?"

அம்மா அடுப்பை அணைத்தார். எங்கள் வீட்டில் அது நல்ல சகுனம் இல்லை.

"முருகங்கிட்ட போயி கிலோ கணக்கு பேசச் சொல்றியா?"

"பூமுடின்னு ஒன்னு இருக்கும்மா. மொட்டை போடாம, நுனியில கொஞ்சம் கத்தரிச்சுக் குடுக்குறது. அதுவும் காணிக்கைதான்."

"அது பொம்பளைங்களுக்குடா."

"முருகன் அப்படியெல்லாம் பிரிச்சுப் பாக்க மாட்டாரும்மா."

"நீ கொஞ்சமாவா பாஸான? முழுசாத்தானே பாஸான? அப்ப முடி மட்டும் என்னா நுனியில?"

புள்ளியியலில்கூட இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "நான் இதுல கருத்து சொல்லக்கூடாது," என்றார்.

தங்கை லோஷினி சாப்பாட்டு மேசையிலிருந்து என்னை அளந்து பார்த்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. "போத்தாக் ஆனா, மொட்டத் தலைல காது மட்டுந்தான்ணே தெரியும். காது ரொம்ப பெருசு லா உனக்கு."

தோற்றுவிட்டேன். ஆனால் சாயங்காலம் அம்மா எண்ணெய்ப் போத்தலுடன் வந்து, "தலைல நல்லா தேச்சுக்கோ, கத்தி வழுக்கிக்கிட்டு போவும்," என்றபோது எனக்கு ஒரு வீம்பு வந்தது.

"எண்ணெய் வேண்டாம்மா. முருகனுக்குக் குடுக்குறோம்ல? நல்ல நெலமையில குடுப்போம். இது எப்படி இருக்கும்னு அவரு பாக்கட்டும்."

"சாமி பாக்காததா?" என்றார் அம்மா. ஆனால் போத்தலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை விடிவதற்கு முன்பே குளியலறைக்குள் நுழைந்தேன். எதையும் குறைக்கவில்லை. கண்டிஷனரை ஒன்றுக்கு இரண்டு முறை போட்டேன். விரலால் ஒவ்வொரு கற்றையாகப் பிரித்தேன். புது ஜெல் போட்டுக் கசக்கினேன். டி-ஷர்ட்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் லோஷினி, தலையை நனைத்துக்கொண்டு நின்றாள்.

"மிச்சம் இருக்கா?"

அவளுக்கும் என்னுடைய அதே முடிதான். பள்ளியில் அவளை மீ கோரிங், அதாவது பிரட்டிய நூடுல்ஸ், என்று கூப்பிடுவார்கள். அதனால் இறுக்கிப் பின்னி, பின்னலையும் மடித்துக் கட்டிக்கொண்டு போவாள். ஆண்டு இறுதி விடுமுறையில் ரீபாண்டிங் செய்து நேராக்கிவிடுவதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

"நீதான் நேராக்கப் போறியே."

"அது டிசம்பர். இன்னிக்கு ஒருநாள் மட்டும். ரொம்ப பேசாம போடுண்ணே."

போட்டுவிட்டேன். இரண்டு பேரும் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில், தலையைத் தொடாமல், பூசை முடிந்த சிலைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். காய்ந்ததும் கசக்கிவிட்டேன். அவள் கண்ணாடி முன் போய் நின்றாள். தலையை இடப்பக்கம் ஒருமுறை ஆட்டினாள், வலப்பக்கம் ஒருமுறை ஆட்டினாள். பின்னல் கட்டும் ரப்பரை அலமாரிமேல் வைத்துவிட்டுச் செருப்பு மாட்டப் போனாள்.

என் தலையைப் பற்றித் தன்னடக்கத்தோடு சொல்கிறேன்: இரண்டு வருடத்தில் அது அன்றுதான் உச்சத்தில் இருந்தது.

கோயில், ரெங்கம் போகும் சாலையில், செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்தது. அப்பாவின் வேனில் குளிர்சாதனம் வேலை செய்யாது. கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போவோம். சாலை ஏறியதும் காற்று உள்ளே அடித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி எங்கள் தலைகளைப் பார்த்தார். பிறகு தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார்.

"என்னங்க, ஒங்க பக்கமும் ஏத்துங்க."

"வேகுமே," என்றார் அப்பா.

"வேகட்டும்."

கோயிலில் திருவிழாக் கூட்டம். முடி இறக்குவதற்குத் தனியாகக் கூடாரம் போட்டு, வரிசையாக நாற்காலிகள் வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வரிசையில் நின்றதிலிருந்தே எனக்குப் பின்னாலிருந்த ஒரு அம்மாவின் பார்வை பிடரியில் உறைத்தது. கோத்தா திங்கியிலிருந்து வந்தவராம். கடைசியில் பொறுக்க முடியாமல் என் அம்மாவின் தோளைத் தொட்டார்.

"ஏங்க, தம்பிக்கு எந்த சலூன்ல சுருட்டி விட்டீங்க? எம்மவனும் கேட்டுக்கிட்டே இருக்கான்."

அம்மா முழுசாகத் திரும்பினார்.

"சலூனா? பொறந்ததே இப்படித்தாங்க. எல்லாம் வீட்லயே பாத்துக்குறது." லோஷினியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இந்தா, இதுவும் அதே."

"எம்மவனுக்கும் சுருட்டைதாங்க, ஆனா வைக்கோலு மாதிரில்ல இருக்கு."

"துண்டு போட்டுத் தேக்குறானா?"

"ஆமா."

"தேக்கவே கூடாது. பழைய டி-ஷர்ட்டுலதான் சுத்தணும். காய்ஞ்ச தலைல சீப்பு வெக்கவே கூடாது. ஈரத்துல வெரலால எடுக்கணும். ஷாம்பு தெனம் போடாதீங்க. ஆளிவெத வாங்கி, தண்ணியில கொதிக்க வெச்சு, முட்டை வெள்ளக்கரு மாதிரி இழுக்குறப்ப எறக்கிடுங்க. ஆற வுட்டா வடிக்க வராது, சூட்டோட வடிச்சிரணும். போட்டு காய்ஞ்சா கட்டையா இருக்கும், அய்யோன்னு கழுவிறாதீங்க. கசக்குனா சரியாயிடும். தலாணி ஒற சாட்டின்ல போடுங்க. பழைய ரவிக்க இருந்தா போதும்."

நான் அம்மாவுக்கு இதில் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆளிவிதைத் தண்ணீரைச் சூட்டோடு வடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கே இரண்டு சட்டி வீணானது. காக்காய்க் கூடு, காக்காய்க் கூடு என்று சொல்லிக்கொண்டே, அந்தச் சட்டிகளைக் கழுவிக்கொண்டே, அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கோத்தா திங்கி அம்மாவுடன் இப்போது இன்னும் இரண்டு பேர் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் குரல் அவர்களுக்கு ஏற்ற மாதிரி உயர்ந்தது.

என் முறை வந்தது. முடி எடுக்கிறவர் பெயர் மகேஸ்வரன். குளுவாங்கில் கடை வைத்திருப்பவர். என் தலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலயே தம்பி," என்றவர், ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து ஊற்றினார்.

நனைந்ததும் சுருள்கள் இறங்கின. காதளவு இருந்த முடி தோளைத் தொட்டது. சுற்றி நின்றவர்கள் 'அடேங்கப்பா' என்றார்கள்.

"காய்ஞ்சா சுருங்கிக்கும்," என்று அம்மா எல்லாருக்கும் விளக்கினார். "அதோட கொணம் அப்படி."

மகேஸ்வரன் புது பிளேடை மாட்டினார். என் முன்னந்தலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"இருங்க," என்றார் அம்மா.

பிளேடு நின்றது.

"பூமுடின்னு ஒன்னு இருக்குல்ல? நுனியில மட்டும் எடுக்குறது?"

"அது பொம்பளைங்களுக்குங்க," என்றார் மகேஸ்வரன்.

"முருகன் அதெல்லாம் பிரிச்சுப் பாக்க மாட்டாரு."

அப்பா இருமினார். நான் குனிந்த தலையோடு அம்மாவின் கால்களைத்தான் பார்க்க முடிந்தது. ஒரு கால் முன்னால் வந்திருந்தது. தேவைப்பட்டால் நாற்காலியோடு என்னை இழுத்துவிடும் தூரம்.

"ரூபேன், நுனி போதும்டா. போஸ்டர் வேற அடிச்சாச்சுன்னு சொன்ன."

நேற்றுவரை இந்த ஒரு சொல்லுக்காகத்தான் மன்றாடினேன். 'சரி' என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் கூடாரத்தில் அத்தனை பேர் என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மா அதை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் முருகனிடமே பேரம் பேசிக்கொண்டிருந்தார். இதற்குமேல் அந்த முடி எனக்குச் சம்பாதித்துத் தர வேறு எதுவும் இல்லை. அதை வளர்க்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர்.

"இல்லம்மா. முருகனுக்குன்னு ஜோடிச்சுக் கொண்டாந்துட்டு, அவரு பாத்துட்டாருன்னு வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

முன்னால் வந்திருந்த அம்மாவின் கால் மெல்லப் பின்னால் போனது.

"செல்வாகிட்ட என்னா சொல்லுவ?" என்றாள் லோஷினி.

"போஸ்டர்ல இருக்குறது போஸ்டர்லயே இருக்கட்டும். அண்ணே, முழுசா எடுங்க."

"யோசிச்சுச் சொல்லு தம்பி. எனக்கே கை வரல."

"எடுங்கண்ணே. பின்னாடி மட்டும் பாத்து, அங்கதான் சுருள் ரொம்ப கெட்டி."

எடுத்தார். கற்றை கற்றையாக மடியில் விழுந்து, மடியிலிருந்து தரையில் விழுந்தது. காற்று பட்டுத் தலை சில்லிட்டது. காதுகள் பெரியவைதான், லோஷினி சொன்னது சரி. மகேஸ்வரன் சந்தனத்தைக் குழைத்துத் தலை முழுக்கப் பூசி, "நல்ல மண்டை தம்பி," என்றார். தொழில்முறையில் அவர் எல்லாரிடமும் சொல்வதாகவும் இருக்கலாம்.

எழுந்து பார்த்தேன். தரையில் காலையிலிருந்து விழுந்த முடியெல்லாம் ஒரு குவியலாகக் கிடந்தது. நேர்முடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. மேலே என்னுடையது, ஈரமாக. கூடாரத்தின் ஓரத்திலிருந்து வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுனிகள் மெல்ல வளைய ஆரம்பித்தன. ஒரு சுருள் எழும்பியது, பக்கத்தில் இன்னொன்று.

அம்மா படம் எடுக்கக் கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு குவியலின் முன்னால் குந்தினார். கூட்டுகிற அக்கா துடைப்பத்துடன் வந்தார்.

"கொஞ்சம் இருங்கக்கா," என்றார் அம்மா, திரும்பாமலே. "அது இன்னும் முழுசா காயல."