மூன்று சம்மதக் கடிதங்கள்

விடுதி மாணவி மலருக்கு அம்மை போட்டிருக்கிறது என்று காலை பத்து மணிக்கு வந்து சொன்னார்கள். எங்கள் பெண்கள் விடுதியில் நோயாளி அறை ஒன்றுதான். அதில் ஏழு வாரமாகச் சங்கமித்ரா இருக்கிறாள். அவளுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. எம்.ஏ. முதல் வருடம் படிக்கிற திருநங்கை. அரசாங்கம் கொடுத்த அடையாள அட்டையில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. பல்கலைக்கழகமும் அதைப் பார்த்துவிட்டுப் பெண்கள் விடுதியில்தான் இடம் கொடுத்தது. எந்த அறை என்பதில் வந்து நின்றுவிட்டது.

நிறுத்தியவள் நான்தான். இருபத்திரண்டு வருடமாக மேட்ரன் வேலை. எதற்கெடுத்தாலும் வீட்டிலிருந்து கடிதம் வாங்கியே பழகிவிட்டேன். ஊருக்குப் போகக் கடிதம், அத்தை கல்யாணத்துக்குக் கடிதம். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்த ஒருத்தியிடம் அதற்கும் ஒன்று வாங்கினேன். சங்கமித்ரா வந்த அன்று வார்டன் மேடம் பதினான்காம் அறையில் காலிக் கட்டில் இருக்கிறதென்று சாவியை நீட்டினார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எதுக்கும் அந்த ரூம் பொண்ணுங்க மூணு பேர் வீட்லயும் ஒரு லெட்டர் வாங்கிக்கலாம் மேடம். நாளைக்கு நம்மள யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது பாருங்க" என்றேன். எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு வரி இல்லை. அடுத்த வாரம் அது விதியாகி, வார்டன் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் தொங்கியது.

இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது, ஆனேக்கல்லில் இருக்கும் ஷில்பாவின் அப்பா தரவேண்டியது. நான்கு முறை போன் செய்தேன். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் நான் சாப்பிட்டேனா என்று விசாரித்துவிட்டுத்தான் மறுப்பார். "நாளைக்கு அவளுக்கு மாப்ள பாக்கணும் மேடம். ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

அந்த நாலு பேர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நோயாளி அறையில் அலமாரி கிடையாது. வயிற்றுவலி என்று யார் வந்தாலும் சங்கமித்ரா எழுந்து புத்தகத்தோடு வராந்தாவில் உட்கார்ந்துகொள்வாள். ஆனால் அம்மை அரைமணி நேரத்தில் எழுந்து போகிற சமாச்சாரம் இல்லை. வார்டனுக்குப் போன் செய்தேன். சங்கமித்ரா இரண்டு வாரம் வீட்டிலிருந்து ரயிலில் வந்து போகட்டும் என்றார். சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் வீடு கோலார் தங்கவயலில். என் பிறந்த ஊரும் அதுதான். விடியற்காலை ரயிலைப் பிடித்தால் இரண்டரை மணி நேரம், திரும்ப இரண்டரை.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் துணிகளை மடிக்க ஆரம்பித்திருந்தாள். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ட்ரெயின்ல வரது ஒண்ணும் கஷ்டமில்ல ஆன்ட்டி. எந்தப் பொட்டியில ஏறதுன்னுதான் தெரியல. லேடீஸ்ல எறங்குன்றாங்க. மத்ததுல கை வெக்கிறாங்க."

"ரெண்டு வாரந்தான கண்ணு."

"போனா திரும்பி வர மாட்டேன் ஆன்ட்டி" என்றாள். குரலில் கோபம் இல்லை. "சலிச்சிப் போச்சி."

ஒரு பிள்ளையின் படிப்பு என் அதிகப்பிரசங்கித்தனத்தால் போகப் போகிறது. வார்டனிடம் இன்னொரு முறை கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். மடித்த துணிகளை அவள் பையில் நானே திணித்து ஜிப்பை மூடிக் கையில் கொடுத்தேன்.

"வா."

பதினான்காம் அறையில் ஷில்பா மட்டும் இருந்தாள். காலிக் கட்டிலில் ஈரத் துணிகளைப் பரப்பியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எங்கப்பா லெட்டர் குடுத்துட்டாரா ஆன்ட்டி?"

"இல்ல. யாராச்சும் கேட்டா லூர்துமேரி ஆன்ட்டிதான் இவள இங்க போட்டாங்கன்னு சொல்லு."

ஷில்பா பையைப் பார்த்தாள். பிறகு சங்கமித்ராவின் செருப்பைப் பார்த்தாள். முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஃபேன் காத்து இங்க வராது" என்று சங்கமித்ராவிடம் சொன்னாள். மேசையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்பா" என்று கேட்டது. அப்புறம் வெகுநேரம் அந்தப் பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தது. நடுவில் மறுபடி ஒரு "அப்பா". அது கெஞ்சலா, புகாரா என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்ல முடியவில்லை.

சங்கமித்ரா கட்டிலின் ஓரத்தில், ஈரம் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பை மடியிலேயே இருந்தது.

"பையைப் பிரிம்மா" என்றேன்.

"அவங்க பேசி முடிக்கட்டும் ஆன்ட்டி."

அவளுடைய இரண்டு விரல்கள் ஜிப்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தன.