தம்பிக்குக் கொடுத்த கடவுச்சொல்

காலையில் நர்ஸ் வந்து தன் கைப்பையை மேசைமேல் வைத்ததும் டாக்டரம்மா அதை எடுத்துக் கவிழ்த்தார். சீப்பு, கண்ணாடி, பழைய பஸ் டிக்கெட். வேறொன்றும் விழவில்லை.

"என்ன தேடறீங்க, டாக்டரம்மா?"

"ஒண்ணுமில்ல. நீ போய் வேலையைப் பாரு."

ஒன்றுமில்லாமலா? அவரிடம் வைத்தியத்துக்கு வரும் ஓர் ஆசிரியைக்கு வலிப்பு நோய் என்ற விஷயம் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. கம்ப்யூட்டரில் பூட்டிவைத்த நோயாளிகள் கோப்பில் மட்டுமே இருந்த விஷயம் அது. அறைக்குள் வந்துபோகிறவள் நர்ஸ் ஒருத்திதான்; கடவுச்சொல்லைப் பார்த்து எழுதி வைத்திருப்பாள் என்றுதான் அவள் பையைக் கவிழ்த்தார். அவள் தலை குனிந்தால் 'குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்' என்று தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால் 'என்ன நெஞ்சழுத்தம்' என்று தோன்றியது. ஒன்பது வருஷம் உழைத்தவளை இந்த மாதத்தோடு அனுப்பிவிடுவது என்று மனதுக்குள் தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

மதியம் கடவுச்சொற்களை மாற்றக் கம்ப்யூட்டர்காரர் வந்தார்.

"மொத்தம் எத்தனை வச்சிருக்கீங்க?"

"நாலு. எல்லாத்துக்கும் ஒரே வாக்கியம்தான், கடைசியில அந்தந்தக் கோப்போட பேரு மட்டும் மாறும். மறக்கவே மறக்காது" என்றார் டாக்டரம்மா பெருமையாக.

"யாருக்காவது ஒண்ணு குடுத்தீங்களா?"

"பக்கத்து மருந்துக்கடை என் தம்பியோடது. மருந்துப் பட்டியலை மட்டும் பாக்கட்டும்னு அதோட கடவுச்சொல்லை அவனுக்குக் குடுத்தேன்."

கம்ப்யூட்டர்காரர் அந்தக் கடவுச்சொல்லை வாங்கி, கடைசியில் இருந்த 'மருந்து' என்பதை அழித்து 'நோயாளி' என்று தட்டினார். நோயாளிகள் கோப்பு முதல் தடவையிலேயே திறந்துகொண்டது.

"ஒரே வாக்கியத்துலேர்ந்து பத்து சாவிகூட பண்ணலாம், தப்பில்ல. ஆனா வாக்கியத்தையும் கோப்போட பேரையும் சேத்து அடையாளம் தெரியாத எழுத்தா அரைக்கிறதுக்குன்னே புரோகிராம் இருக்கு. அது அரைச்சுத் தர்றதைத்தான் குடுக்கணும். மாவைத் திரும்ப அரிசியாக்க முடியுமா? நீங்க அரிசியையே அள்ளிக் குடுத்திருக்கீங்க."

தம்பி மனைவி அதே பள்ளியில் வேலை செய்வது டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே போன் செய்தார்.

"கடைசியில நோயாளின்னு சும்மா தட்டிப் பாத்தேன்க்கா, தெறந்துடுச்சு. வீட்ல பேச்சுவாக்குல சொல்லிட்டேன்" என்று இழுத்தான் தம்பி.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அந்த வேலியைப் போட்டவரும் அவரேதான். வெட்கம் பிடுங்கித் தின்ன, நர்ஸைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

"மன்னிச்சிடும்மா. அந்தப் பள்ளிக்கும் நானே போய்ப் பேசறேன்."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒருத்தருக்குக் குடுத்த சாவி இன்னொரு கதவைத் தெறக்கக் கூடாது, டாக்டரம்மா. தெறந்துடுச்சுன்னா முதல்ல பூட்டைச் சந்தேகப்படணும். சம்பளத்துக்கு நிக்கிறவளோட பையை இல்ல."